கண்ணாடிக்குச் சேராத இரண்டு அங்குலம்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் பென்னாகரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார். பழைய சினிமா போஸ்டர், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் சேர்ப்பதில் அவருக்கு ஆசை. சேலத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் 1944-ம் வருடத்துப் பட நோட்டீஸ் ஒன்று கிடைத்ததாம். கண்ணாடி போட்டு எடுத்து வந்தார். நடிகையின் படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் தியேட்டர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

"கீழ்ப்பாகம் எங்கப்பா?" என்று கேட்டேன்.

"அளவுக்குச் சேரலைன்னு பிரேம் கடைக்காரர் ரெண்டு இஞ்ச் வெட்டிட்டார் சார். தியேட்டர் பேரும், யுத்தச் செய்திப் படமும் காட்டுவோம்னு ஒரு வரியும்தான் இருந்துச்சு" என்றார்.

எனக்கு மனசே ஆறவில்லை. அந்தக் காகிதத்தில் காப்பாற்றியிருக்க வேண்டியதே அந்த இரண்டு அங்குலம்தான்.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1943-ல் ஆங்கில அரசு 'இந்தியன் நியூஸ் பரேடு' என்ற செய்திப் படத்தைத் தொடங்கியது. தமிழிலும் அது வந்தது. ஒவ்வொரு காட்சியிலும் அரசு ஒப்புக்கொண்ட படத்தை 2000 அடி வரை ஓட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நிமிடத்துக்கு 90 அடி என்று வைத்தால், சுமார் 22 நிமிடம். அதே 1943-ல்தான் வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் மடிந்தார்கள்.

வெளிநாட்டில் பாத்தே, மூவிடோன் என்று பல கம்பெனிகள் செய்திப் படத்துக்குப் போட்டி போட்டன. போட்டி இருந்தால் விளம்பரமும் இருக்கும். இங்கே கட்டாயம். கட்டாயமாகக் காட்டுவதற்கு யார் தனியாகப் போஸ்டர் அடிப்பார்கள்? நம் பக்கத்தில் யுத்தச் செய்திப் படத்துக்குக் காகிதச் சாட்சி தேடுகிறவர், கதைப் படத்தின் நோட்டீஸில் அடிவரியைத்தான் தேட வேண்டும். நாமோ நட்சத்திர முகத்தை வைத்துக்கொண்டு அடிவரியை வெட்டி எறிகிறோம்.

கதைப் படங்களிலும் யுத்தம் புகுந்தது. நம் தர்மபுரி அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்தச் சேலத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1945-ல் 'பர்மா ராணி' எடுத்தது. டி.ஆர். சுந்தரமே ஜப்பானிய அதிகாரியாக நடித்தார். அந்தப் படத்தின் போஸ்டர் கிடைத்தாலும் அது யுத்தக் காகிதம்தான்.

"வெள்ளைக்காரன் பிரசாரத்தை எதுக்கு சார் பாதுகாக்கணும்?" என்று மாணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றைய தலைவர்களுக்கும் அதே கோபம் இருந்தது. 1946-ல் அந்தச் செய்திப் பட அமைப்பை மூடிவிட்டார்கள். விளைவு என்ன? 1947 ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திரத்தைப் படம் பிடிக்க நம் அரசிடம் சொந்தமாக ஒரு படப்பிடிப்புக் குழு இல்லை. தனியார் சிலர் எடுத்து வைத்ததால் பிழைத்தோம். பிலிம்ஸ் டிவிஷன் வந்தது 1948-ல்தான். பிடிக்காத சரக்கு என்று மொத்தமாகத் தூக்கி எறிந்தால், நமக்கு வேண்டியதும் அதோடு போய்விடும். பொய்யையும் பத்திரமாக வைத்தால்தான், அது பொய் என்று பேரப்பிள்ளைக்குக் காட்ட முடியும்.

1971 போரின்போது நான் பள்ளி மாணவன். டெண்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்திருப்போம். பெரியவர்கள் "நியூஸ் ரீல் முடியட்டும்" என்று வெளியே பீடி பிடிப்பார்கள். அந்தக் கொட்டகையும் இல்லை, அதன் நோட்டீஸ் ஒன்றும் என்னிடம் இல்லை. அன்று மாட்டுவண்டியின் பின்னால் ஓடி ஓடிப் பொறுக்கியவன்தான் நானும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் பெரிய ஜமீன்தார் அல்ல. அவர் சேர்த்த புத்தகங்களும் நோட்டீஸ்களும்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அழகானதை மட்டும் சேர்த்திருந்தால் அது நூலகமாகியிருக்காது.

ஆகவே சேர்ப்பவர்களுக்கு ஒரு வாத்தியாரின் வேண்டுகோள். ஓரத்தை வெட்டாதீர்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். எந்த ஊரில், யார் வீட்டில் கிடைத்தது என்று தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். பாதுகாக்க முடியாவிட்டால் நல்ல நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

மாணவர் மறுநாளே பிரேம் கடைக்குப் போய்க் குப்பைக் கூடையைக் கிளறியிருக்கிறார். துண்டு கிடைக்கவில்லை. நினைவில் இருந்த அந்த வரியையும் தியேட்டர் பெயரையும் ஒரு தாளில் எழுதி, கண்ணாடியின் பின்பக்கம் வைத்திருக்கிறார். அந்த மட்டில் சந்தோஷம்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது காகிதம் கிடந்தால், கத்தரிக்கோல் எடுக்கும் முன் அடிவரியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.