உறைந்த எண்ணெயும் உறைந்த தமிழும்

மலைநாட்டு விடுதியொன்றிலே மார்கழி மாதத்துக் காலைப்பொழுது. தலைக்கு வைப்பதற்காகத் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தேன். எண்ணெய் வரவில்லை, வெண்மெழுகுபோல உறைந்து கிடந்தது. புத்தளம் மாவட்டத்துக் கரையிலே, பள்ளிவாசல்துறையிற் பிறந்து வளர்ந்தவனுக்கு இஃதொரு புதுமை. எங்கள் கரையில் எண்ணெய் உறைந்து நான் கண்டதில்லை. 'ஏன் உறைகிறது?' என்று அறைத்தோழரான விஞ்ஞானபீட மாணவரைக் கேட்டேன். உயர்தரம் வரை இரசாயனத்தைத் தமிழிலேயே படித்துத் தேறியவர் அவர். விடை அவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல இரண்டு தமிழ் வாக்கியங்கள் அவரிடம் இருக்கவில்லை. "இங்கிலீசிற் சொன்னாற்றான் விளங்கும்" என்றார். இங்கிலீசிற் சொன்னார், எனக்கு விளங்கவில்லை.

இக்கட்டுரை அத்தோழர்மீது தொடுக்கப்படும் வழக்கன்று; நம் எல்லார்மீதும் தொடுக்கப்படும் வழக்கு.

உயிரிரசாயனம் போன்ற நுண்டுறைகளைத் தமிழ் தாங்காது என்பர் ஒரு சாரார். தாங்குமா, தாங்காதா என்பதைச் சொல்லிப் பார்த்தன்றோ தீர்மானித்தல் வேண்டும்? அணுக்கள் ஒன்றோடொன்று சேர்வது இலத்திரன்களாலே. ஓரணு தன் இலத்திரனை மற்றோரணுவுக்குக் கொடுத்துவிட, கொடுத்தது நேரேற்றமும் பெற்றது மறையேற்றமும் அடைந்து, ஒன்றையொன்று கவர்ந்து நிற்பது அயன் பிணைப்பு. கொடாமலும் பறியாமலும் இரண்டணுக்கள் இலத்திரன்களைப் பொதுவில் வைத்தாள்வது பங்கீட்டு வலுப் பிணைப்பு. முன்னதற்கு உதாரணம் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. புத்தளத்து உப்பளப் பாத்திகளிலே அது வெயிலில் மின்னிக்கொண்டிருக்கிறது. கடல்நீர் வற்றும்போது உப்புக்கு முன்னரே கல்சியஞ் சல்பேற்று படிகிறது. அதன்பின் உப்பு விளைகிறது. மகனீசியம் மிகுந்த கைப்புநீர் எஞ்சுகிறது. உப்பளத் தொழிலாளி இவ்வரிசையைக் கையால் அறிவான். அவன் பிள்ளையோ பரீட்சைக்கு 'அயன் பிணைப்பு' என்று மனனம் செய்கிறது. தந்தையின் பாத்தியும் பிள்ளையின் புத்தகமும் ஒன்றையே சொல்கின்றன என்று இருவருக்கும் எடுத்துரைப்பார் யார்?

எண்ணெய்க்கு வருவோம். கொழுப்பமிலத்திற் காபன் அணுக்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டுள்ளன. தேங்காயெண்ணெயிற் பெரும்பாலானவை இரட்டைப் பிணைப்பில்லாத நிரம்பிய சங்கிலிகள். அவை நேராக நீண்டு, கட்டிவைத்த ஈர்க்குகள்போல நெருங்கிக் கிடக்கும். வெப்பநிலை ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால், அவற்றிடையேயுள்ள மெல்லிய கவர்ச்சியே அவற்றை அசையாமற் கட்டிப்போடும். மீனெண்ணெயின் சங்கிலிகளிலோ இரட்டைப் பிணைப்புகள் பல. ஒவ்வோரிடத்திலும் சங்கிலி வளைகிறது. வளைந்த ஈர்க்குகள் நெருங்கி அடுங்கா. ஆகவே மலைக்குளிரிலும் அவ்வெண்ணெய் ஓடும். தோழர் எனக்குச் சொல்ல முடியாமற்போன செய்தி இவ்வளவே. தமிழ் எங்கே முறிந்துபோயிற்று?

புரதத்தின் கதையும் இத்தகையதே. அமினோவமிலங்களைப் பெத்தைட்டுப் பிணைப்பு என்னும் வலிய பங்கீட்டு வலுப் பிணைப்பு கோக்கிறது. அக்கோவையை உரிய வடிவில் மடித்து வைப்பன பெரும்பாலும் ஐதரசன் பிணைப்பு முதலிய மெலிய பிணைப்புகள். முட்டையை அவிக்கும்போது கோவை அறுவதில்லை. மெலிய பிணைப்புகளே குலைகின்றன. வடிவு குலைய, புரதத்தின் இயல்பும் குலைகிறது. டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளைச் சேர்த்து வைத்திருப்பனவற்றுள்ளும் இம்மெலிய ஐதரசன் பிணைப்புகள் உண்டு; பிரிய வேண்டிய நேரத்தில் அவை பிரிய முடிவதும் அம்மென்மையாலேயே. உயிர் என்பது வலியவற்றால் மட்டும் நிற்பதன்று.

இனி, மற்றொரு சாராரைப் பார்ப்போம். இவர்கள் மேடைக்கு மேடை, 'அணுவை நம்மவர் அன்றே கண்டனர்' என்று முழங்குபவர்கள். புலவனின் கற்பனையை ஆய்வுகூடத்தின் முடிபாக்குவது புலவனுக்கும் பெருமையன்று, விஞ்ஞானத்துக்கும் பெருமையன்று. உண்மையிலே பெருமைப்படத்தக்க செய்தி இவர்கள் நாவில் வருவதில்லை. 1954 இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில், ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாசன் என்னும் புரதத்தின் அமைப்பை ஆராய்ந்து, அது மூன்று இழைகளாலானது என்று காட்டினர். நம் தோலையும் எலும்பையும் தசைநாணையும் தாங்குவது அப்புரதம். முப்புரியாக முறுக்கிய கயிற்றைத் தினமும் கையாளும் கடற்றொழிலாளிக்கு இதனை விளக்க எவ்வளவு நேரமாகும்? 1963 இல் இராமச்சந்திரனும் உடனாய்வாளரும் வெளியிட்ட வரைபடம், புரதக் கோவை எவ்வெக் கோணங்களில் மடங்கலாம் என்பதை வரையறுத்தது. இன்றும் உலகெங்கும் அது பயன்படுகிறது. நமக்கு அணு வேண்டும்; ஆனால் பழம்பாட்டில் மட்டுமே வேண்டும்!

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழில் மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். 1875 இல் அவருடைய 'கெமிஸ்தம்' வெளிவந்தது. நூலின் பெயரிலே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுக்க அவர் கூசவில்லை. சொல் தூயதா என்பதினும் பொருள் சென்று சேர்ந்ததா என்பதே அவர் கவலையாயிருந்திருக்கும். நாமோ 'ஒட்சிசனா, ஆக்சிஜனா' என்று பாக்கு நீரிணையின் இருகரையிலும் நின்று வாதிடுகிறோம். கலைச்சொல் வேண்டும், மறுப்பாரில்லை. ஆனால், கலைச்சொற்பட்டியல் செங்கற்குவியல், வீடு அன்று. வீட்டைக் கட்டுவது உரைநடை. அவ்வுரைநடையை எழுத வேண்டியவர் யார்?

ஆய்வுக்கு ஆங்கிலம் வேண்டுமென்பதை நான் மறுக்கவில்லை. விஞ்ஞானபீட மாணவர் ஆங்கிலத்திற் கற்கட்டும். ஆனால், கற்றதை ஊருக்குச் சொல்லும் மொழியைப் பல்கலைக்கழக வாயிலிலே கழற்றிவைத்துவிட்டு உள்ளே போவது எவ்வகை நியாயம்? கலைப்பீடத்து நாமும் குற்றமற்றவரல்லேம். 'இரசாயனம் நமக்கெதற்கு?' என்று ஒதுங்குகிறோம். நான் கலைப்பீடத்துக்கு வந்தது இலக்கியக் காதலால் மட்டுமன்று. நான் படித்த பாடசாலையில் உயர்தரத்துக்கு இரசாயன ஆசிரியர் இருக்கவில்லை. இல்லாத ஆசிரியரின் இடத்தை ஒரு நல்ல தமிழ் நூலாவது ஓரளவு நிரப்பியிருக்கலாம். அதுவும் என் கைக்கு எட்டவில்லை.

ஆதலால் இச்சங்கத்தின்முன் ஒரு கோரிக்கையை வைக்கிறேன். ஆண்டுதோறும் இம்மலரில் விஞ்ஞானக் கட்டுரைகள் மூன்றேனும் இடம்பெறல் வேண்டும். ஒவ்வொன்றையும் விஞ்ஞானபீட மாணவர் ஒருவரும் கலைப்பீட மாணவர் ஒருவரும் சேர்ந்து எழுதுக. முன்னவர் பொருளுக்குப் பொறுப்பு. பின்னவர் மொழிக்குப் பொறுப்பு. இருவரும் இலத்திரன்களைப் பொதுவில் வைத்தாளும் அணுக்கள் போலாகுக. விரிவுரையாளர்கள் பிழை திருத்துக. இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை, மனமே வேண்டும்.

பள்ளிவாசல்துறையிலே ஒரு சிறுவன் கருவாட்டுப் பாயருகே நின்று, 'உப்பிட்டால் மீன் ஏன் அழுகுவதில்லை?' என்று கேட்கிறான். உப்பு மீனின் நீரை வெளியே இழுத்துவிட, அழுகச்செய்யும் நுண்ணுயிர்கள் வாழ வழியின்றிப் போகின்றன என்று அவனுக்குத் தமிழிற் சொல்லுங்கள். சொல்லத் தெரியாதெனில், நாம் பெற்ற பட்டமும் குளிரில் உறைந்த எண்ணெயும் ஒன்றே: போத்தலில் உண்டு, கைக்கு வாராது.