ரத்தத்தில் தாளமா? மணிக்கட்டில் பழக்கமா?

பறையடிக்கிறவர்களைப் பற்றி நமது நாட்டில் இப்பொழுது ஒரு புதுவிதப் புகழ்ச்சி கிளம்பியிருக்கிறது. "அவர்களுக்கென்ன, தாளம் ரத்தத்திலேயே ஊறிக் கிடக்கிறது, குச்சியைத் தொட்டாலே பேசும்" என்று மேடையிலும் பத்திரிகையிலும் கல்யாணப் பந்தலிலும் பெரிய மனிதர்கள் வாயாரச் சொல்லுகிறார்கள். சொல்லுகிறவர்களில் பலர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லுகிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனாலும் இந்தப் புகழ்ச்சிக்கும், "அந்த ஜாதி மேளமடிக்கவே பிறந்த ஜாதி" என்று வருணாசிரமக்காரன் சொல்லி வந்த வசவுக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் கேட்கிறோம்.

ரத்தத்தில் தாளம் இருக்குமானால் ஆஸ்பத்திரியில் தெரிந்திருக்க வேண்டும். தினமும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அடுத்தவர் ரத்தத்தை ஏற்றுகிறார்கள். அப்படி ஏற்றிக்கொண்ட எந்தச் செட்டியாராவது முதலியாராவது மறுநாள் கட்டிலை விட்டு இறங்கித் தவில் வாசித்ததுண்டா? இது ஒரு பக்கம். மற்றொரு பக்கத்தில், அக்கிரகாரத்தில் மிருதங்கம் வாசிக்கிறவருக்கு வந்தது சரஸ்வதி கடாட்சமாம். இருவர் அடிப்பதும் மாட்டுத் தோலின் மேல்தான். ஒருவருக்கு அது தெய்வீகம், மற்றவருக்குத் தீட்டு. இரண்டு கதையிலும் வாசிக்கிறவன் பட்ட பாடு மட்டும் கணக்கில் வருவதில்லை.

அந்தப் பாடு என்ன என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். பறைக்கு இரண்டு குச்சிகள் உண்டு. வலது கையில் குட்டையும் கனமுமான அடிக்குச்சி. இடது கையில் மூங்கிலைச் சீவிச் செய்த நீண்ட மெல்லிய சிண்டுக்குச்சி. புதிதாகக் கற்கிறவர் செய்யும் முதல் காரியம், இரண்டையும் உலக்கையைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்துத் தோளிலிருந்து ஓங்கி அடிப்பதுதான். வீரம் நன்றாகத்தான் தெரியும். பத்து நிமிஷத்தில் முழங்கை கடுக்கும், உள்ளங்கை கொப்பளிக்கும், சத்தமும் "தட்" என்று செத்துப்போகும். காரணம் ரகசியமல்ல. இழுத்துக் கட்டிய தோல், தன் மேல் விழுந்த குச்சியைத் தானே திருப்பி எறியும் சுபாவமுடையது. குச்சியை இறுக்கிப் பிடித்தால் அந்த எதிர்த்துள்ளல் முழுவதும் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் போய்ச் சேருகிறது. குச்சியும் தோலைவிட்டு உடனே எழும்பாமல் அதன் அதிர்வை அமுக்கிவிடுகிறது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குச்சி அசைய இடம் விட்டு, மற்ற விரல்களால் அணைத்தாற்போல் பிடித்து, மணிக்கட்டால் வீசினாலோ, பாதி வேலையைத் தோலே செய்துவிடும். நோஞ்சானாகத் தெரியும் கிழவர் ஒருவர் ஊர்வலத்தின் முன்னால் மணிக்கணக்கில் அடித்துக்கொண்டு போவதும், பக்கத்தில் வருகிற பயில்வான் அரைமணியில் குச்சியைக் கீழே போடுவதும் இதனால்தான்.

அடிப்பதற்கு முன் பறையை வைக்கோல் தீயில் காய்ச்சுவதைப் பலரும் பார்த்திருக்கலாம். அது அக்கினி பகவானுக்குச் செய்யும் பூஜையல்ல. ஈரம் ஏறிய தோல் தளரும். தளர்ந்த தோல் குச்சியைத் திருப்பி அனுப்பாது. பிறகு கைதான் இரட்டை வேலை செய்ய வேண்டும். ஆகையால் தோலைப் பதம் பார்ப்பதும் கைப்பயிற்சியில் ஒரு பகுதியே.

தவிலில் வேலை வேறு. ஒரு கையில் பூவரசங் கழி. மறு கை விரல்களில் துணியும் பசையும் சேர்த்துச் சுற்றி உலர்த்திய கூடு. பெரும்பாலோர் கழியைப் பிடிப்பது இடது கையில். எந்த இடது கை? சோறு தொடக்கூடாது, பணம் கொடுக்கக்கூடாது, மங்கள காரியத்தில் நீட்டக்கூடாது என்று நம் வீடுகளில் ஒதுக்கி வைத்திருக்கிறோமே, அதே பீச்சாங்கைதான். அந்தக் கை அடிக்கும் கழியில்லாமல் ஒரு கெட்டிமேளம் உண்டா? தாலி கட்டும் முகூர்த்தத்தில் இடது கை ஓசைதான் பந்தலை நிரப்புகிறது, ஐயருக்கும் ஆட்சேபணையில்லை! (வலங்கை, இடங்கை என்று ஜாதிகளையே இரண்டு கட்சியாக்கிச் சென்னைப்பட்டணத் தெருக்களில் அடித்துக்கொண்ட தேசம் இது. கையில் உயர்வு தாழ்வு பார்ப்பது நமக்குப் புதிதா?) இடது கை பலவீனமாயிருப்பது அதற்கு வேலை கொடுக்காததால். வேலை கொடுத்தால் வருகிறது. எந்த அடியையும் முதலில் இடது கையால் தொடங்கி, வலது கை செய்வதில் பாதியாவது அது செய்யும் வரை வேகத்தைக் கூட்டாமலிருப்பதே நல்ல வழி.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொற்கட்டை முதலில் வாயால் சொல்லி, பிறகு கையால் அடித்து, முதற்காலத்தில் சுத்தமாக வந்தபின் இரண்டாங்காலம், அப்புறம் மூன்றாங்காலம் என்பது பழைய முறை. அது நியாயமான முறையே. பழையது என்பதற்காக நாம் எதையும் தள்ளுவதில்லை. தோள் மேலே தூக்கினாலும் மூச்சை அடக்கினாலும் வேகம் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். உடனே இறங்கிவிட வேண்டும். தினம் அரைமணி நேரம் அடிப்பது, ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் அடிப்பதைவிட மேல். காதுகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும். பஞ்சு போதாது, அதற்கென்றே விற்கும் காதடைப்பான் வேண்டும். போன செவி எந்தச் சாமியிடம் வேண்டினாலும் திரும்பாது.

நிற்க, ரத்த வாதக்காரர்களை ஒரு கேள்வி கேட்கிறோம். பறையடித்த குடும்பங்களில் ஆண்கள்தானே தலைமுறை தலைமுறையாக அடித்தார்கள்? அதே ரத்தம் ஓடிய தாய்மாரும் தமக்கைமாரும் ஏன் அடிக்கவில்லை? கற்றுக்கொடுக்கவில்லை, ஆகையால் அடிக்கவில்லை. திண்டுக்கல்லில் 1990-ல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் ஒடுக்கப்பட்ட ஜாதிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அடித்தார்கள், ஊர் ஊராக மேடையேறினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கம் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

இந்த ரத்தப் பேச்சால் நஷ்டம் யாருக்கு? "உனக்குச் சும்மா வருகிற வித்தைதானே" என்று சொன்னால் கூலியும் சும்மாவாகிவிடுகிறது. சாவு வீட்டில் ராத்திரி முழுவதும் அடித்தவனுக்கு ஒரு படி நெல்லும் சாராயமும் கொடுத்து அனுப்பியதற்கு இதுவே நியாயமாயிருந்தது. கட்டாய ஊழியத்தை அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடுக்கிறது. 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. "இனி சாவுக்கு அடிக்கமாட்டோம்" என்று பறையைத் தூக்கியெறிந்த கிராமத்து வாலிபர்கள் செய்தது சரி. அதே பறையைச் சம்பளம் பேசி மேடையில் அடிக்கிறவர்கள் செய்வதும் சரி. இரண்டும் அவரவர் இஷ்டமாயிருக்க வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். 2025-ல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருடைய உழைப்புக்குக் கிடைத்த அதைக்கூடப் பிறப்பின் கணக்கில் எழுதுவார்களானால் அதைவிட அநியாயம் வேறில்லை.

இன்று பட்டணங்களில் எந்த ஜாதிப் பிள்ளைகளும் பறை வகுப்புக்குப் போகிறார்கள். சந்தோஷம். போகிற தோழர்கள் விஜயதசமி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் நாள் தேங்காய் பழத் தட்டுக்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளத்தை ஆசானிடம் முன்பணமாகக் கொடுங்கள். வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்குக் கொடுப்பதில் ஒரு காசும் குறையாமல் கொடுங்கள். பிறகு குச்சியை எப்படிப் பிடிப்பது என்று கேளுங்கள். "இறுக்கிப் பிடி, மற்றதெல்லாம் தானாக வரும்" என்பாரானால், அடுத்த மாதம் வேறு ஆசானிடம் போங்கள்.