இலகு பணியும் கரையும் இழப்பீடும்

பெங்களூருவின் பீனியா தொழிற்பேட்டையில் இயந்திரத்தில் சிக்கிக் கை நசுங்கிய தொழிலாளி ஒருவர், சில வாரச் சிகிச்சைக்குப் பின் பணிக்குத் திரும்புவதாகக் கொள்வோம். பளு தூக்கக் கூடாது, லேசான வேலை மட்டுமே செய்யலாம் என்கிறார் மருத்துவர். "லைட் டூட்டி" என்று ஆலைகளில் வழங்கும் இந்த ஏற்பாடு மனிதாபிமானம் மிக்கதாகவே தோன்றும். ஆனால், அதை ஏற்பவரின் வருமானம் என்னவாகிறது என்பதைச் சட்டம் வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் (இ.எஸ்.ஐ.) தாற்காலிக ஊனத்துக்கு ஊதியத்தில் 90 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கிறது. ஆனால், ஊதியம் பெற்று வேலை செய்யும் எந்த நாளுக்கும் அந்த உதவித்தொகை இல்லை என்றது, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63-வது பிரிவு. அந்த ஊதியம் முழுமையானதா, குறைந்ததா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

மாதம் ரூ.12,000 ஊதியம் பெற்றவர் வீட்டில் ஓய்வெடுத்தால் ரூ.10,800 கிடைக்கும். இலகு பணியில் ரூ.8,000 மட்டுமே தரப்பட்டால், உழைத்ததற்குத் தண்டனையாக ரூ.2,800-ஐ இழப்பார். உதவித்தொகை பெறும் காலத்தில் பணிநீக்கம் செய்யக் கூடாது என்று 73-வது பிரிவு அளித்த பாதுகாப்பும் தளர்ந்துவிடும்.

விந்தை என்னவெனில், அதனினும் பழைய 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் இதைச் சிந்தித்திருந்தது. விபத்துக்கு முந்தைய ஊதியத்துக்கும் பிந்தைய ஊதியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை உச்சவரம்பாகக் கொண்டு, அரைமாதத் தொகை வழங்க அது வழிசெய்தது. இதே தொழிலாளிக்கு அச்சட்டப்படி மாதம் ரூ.4,000 கிடைத்து, இழந்த ஊதியம் முழுவதும் ஈடாகும். ஆனால், இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவோர் அச்சட்டத்தை நாட முடியாது.

அரசு நிறுவன ஊழியரின் நிலை வேறு. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே ஊதிய விகிதத்தில் மாற்றுப் பணி தர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். கை முறிந்த அரசுப் பேருந்து ஓட்டுநருக்கு உள்ள அந்த உரிமை, பீனியாவின் தனியார் ஆலைத் தொழிலாளிக்கு இல்லை.

இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. விபத்தால் 48 மணி நேரம் வேலைக்கு வர இயலாமல் போனால் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. காயமுற்றவரை மறுநாளே ஒரு நாற்காலியில் அமர்த்திவிட்டால், விபத்து ஏட்டில் ஏறாமலேயே போகலாம்.

1923, 1948 ஆகிய இரு சட்டங்களையும் உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. காப்பீட்டுப் பலன்களின் அளவையும் நிபந்தனைகளையும் விதிகள் மூலம் வகுக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளது. இலகு பணி ஊதியத்துக்கும் 90 சதவீத உதவித்தொகைக்கும் இடையிலான வித்தியாசத்தை இ.எஸ்.ஐ. நிறுவனமே வழங்கும் என ஒரு விதி போதும்.

இதனால் நிறுவனத்துக்கு நட்டமில்லை. மேற்கண்ட தொழிலாளி வீட்டிலிருந்தால் ரூ.10,800 செலவாகும், வேலைக்கு வந்தால் ரூ.2,800 மட்டுமே. மாதந்தோறும் தன் ஊதியத்தில் 0.75 சதவீதத்தைச் சந்தாவாகச் செலுத்துபவர் கேட்பது சலுகை அல்ல. 1923-இல் அன்னிய அரசு ஏற்ற நியாயத்தை மக்களாட்சி அரசு மறுப்பதற்குக் காரணம் ஏதுமில்லை.