சிரிப்புப் படமும் சீமான்களின் களவும்

'தி இன்ஃபார்மன்ட்' என்ற அமெரிக்கச் சிரிப்புப் படம் 2009-ல் வந்தது. ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் என்ற பிரம்மாண்டமான தானியக் கம்பெனியின் அதிகாரி மார்க் விட்டேக்கர், கம்பெனியின் களவைத் துப்பறியும் போலீசிடம் காட்டிக்கொடுக்கிறார். அதே கையால் கம்பெனிப் பணம் சுமார் 90 லட்சம் டாலரையும் சுருட்டுகிறார். வாய் திறந்தால் பொய். மாட் டேமன் நன்றாகவே நடித்திருக்கிறார், சிரிப்பும் வருகிறது.

ஆனால் கம்பெனி செய்த களவு என்ன? கோழி, பன்றித் தீனியில் கலக்கும் லைசின் என்ற சத்துப்பொருளின் விலையை, ஜப்பான், கொரியா கம்பெனிகளோடு ஓட்டல் அறைகளில் ரகசியமாகக் கூடி ஏற்றினார்கள். சுதந்திரப் போட்டி என்று ஊருக்கு உபதேசம் செய்யும் கூட்டம்தான் இது! போட்டிக் கம்பெனிகள் நமக்கு நண்பர்கள், வாங்குகிறவர்களே எதிரிகள் என்று மேல் நிர்வாகி பேசியது ரகசிய ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. யார் அந்த எதிரி? கோழி வளர்க்கும் குடியானவன். கறி வாங்கும் தொழிலாளி. படத்தில் அவனைத் தேடினால் கிடைக்கமாட்டான்.

1996-ல் கம்பெனிக்கு 10 கோடி டாலர் அபராதம். சதி செய்த இரண்டு மேல் நிர்வாகிகளுக்கு மூன்றாண்டுக்கு மேற்படாத சிறை. விட்டேக்கரோ எட்டாண்டுக்கு மேல் சிறையில் கிடந்தார். தண்டனையில் பெரும்பங்கு முதலாளி பணத்தில் கைவைத்ததற்கே. அவர் யோக்கியர் என்று யார் சொன்னது? முதலாளியிடம் திருடினால் எட்டு, ஊரிடம் திருடினால் மூன்று: இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள், சீமான்களே?