சின்னத் தீதானே, விடுங்கப்பா!

அருப்புக்கோட்டை டீக்கடையில் யாராவது "தீப்பிடிச்சிருச்சாம்" என்று சொன்னால், அடுத்த கேள்வி "எந்த ஆலை?" என்றுதான் வரும். விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குத் தீ என்றால் பட்டாசு ஆலைதான். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட 40 உயிர்கள் போன மாவட்டம் இது, அப்படிக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் "ஆலை இல்லப்பா, மலைல" என்று பதில் வந்தால்? "அட, காட்டுத்தீயா... கோடைன்னா எரியத்தான் செய்யும்." பேச்சு முடிந்தது. டீயும் முடிந்தது.

மலை எங்கேயோ, திருச்சுழி எங்கேயோ என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் குண்டாற்றுக் கரையைப் பிடித்துக்கொண்டு மேற்கே போய்ப் பார்க்கலாம். திருச்சுழியைத் தாண்டி, திருமங்கலத்தைத் தாண்டிப் போனால் சாப்டூர்ப் பக்கத்து மலையடிவாரம் வரும். வருசநாட்டு மலைகளின் கிழக்குச் சரிவில் இறங்கும் ஓடைகள் சேர்ந்துதான் குண்டாறு. (அந்த ஆற்றில் இப்போது தண்ணீரை விட சீமைக்கருவேல்தான் அதிகம் என்பது தனிக்கதை.) கோடையில் பற்றி எரிகிற மலை அதே மலைதான். எரிவது அடுத்த வீடு இல்லை ஐயா, உங்கள் வீட்டுக் கூரை!

2021 பிப்ரவரியில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு அடிக்கல். மதிப்பீடு ரூ.14,400 கோடி, கால்வாய் நீளம் 262 கிலோமீட்டர். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் அதைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. இரண்டாவது, 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக இருந்த காட்டையும் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். அதைப் பற்றி இந்தப் பக்கம் யாரும் வாயைத் திறக்கவில்லை. வெளியூர்த் தண்ணீரைக் குண்டாற்றுக்குக் கொண்டுவர 14,400 கோடி கேட்கத் தெரிகிறது. குண்டாறு பிறக்கிற இடத்தில் தீயை அணைக்கிறவர் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒரு பச்சைக் குழை.

மிகைப்படுத்திச் சொல்வது இல்லை. செயற்கைக்கோள் தீயைப் பார்த்துவிடுகிறது. டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவை நிறுவனம் செல்போனுக்கே தகவல் அனுப்பிவிடுகிறது. ஆனால் அந்தப் புள்ளி ஒன்று 375 மீட்டருக்கு 375 மீட்டர். அதற்குள் எங்கே தீ என்று கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். தீயணைப்பு வண்டி அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் தீயணைப்பு வீரரானாலும் வனக்காப்பாளரானாலும் நடைதான். குடிக்கிற தண்ணீரையும் தோளில்தான் சுமக்க வேண்டும். மேலே போனதும் குழையை ஒடித்து அடிக்கிறார்கள். தீ போகப்போகிற வழியில் சருகையும் புல்லையும் கூட்டித் தள்ளி, வெறும் மண் தெரிகிற மாதிரி ஒரு கோடு இழுக்கிறார்கள். சில இடங்களில் இலை ஊதும் கருவி வந்திருக்கிறது, நல்லது. தீ பெரிதாக இருந்தால் அந்தக் கோட்டிலிருந்து எதிர்த்தீ வைத்து, வருகிற தீக்குத் தின்ன ஒன்றும் இல்லாமல் செய்கிறார்கள். தீ மேட்டில் வேகமாக ஏறும் என்பதால் அதற்கு மேலே நிற்பது ஆபத்து. காற்றும் வெக்கையும் குறைகிற ராத்திரிதான் நல்ல நேரம். அணைந்த பிறகும் இறங்க முடியாது. கங்கோடு ஒரு கட்டை சரிவில் உருண்டால் கோட்டுக்குக் கீழே மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்!

இதைத் திருச்சுழிக்காரர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. கருவேலங்கட்டையில் கரிமூட்டம் போடுகிற எவரையும் கேளுங்கள். மண் பூச்சில் விரல் நுழைகிற அளவு ஒரு ஓட்டையைக் கவனிக்காமல் தூங்கினால் விடியும்போது கரி இருக்காது, சாம்பல்தான் இருக்கும். அந்த ஒரு ஓட்டைக்காக ராத்திரி முழுக்க விழித்திருக்கிற ஊர், மலையில் விழித்திருக்கிறவனை மட்டும் கண்டுகொள்ளாது!

பிணம் விழுந்தால் கண்டுகொள்ளும். 2018 மார்ச் 11, போடிக்கு மேலே குரங்கணி. மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர் வந்தது, விசாரணை வந்தது, மலையேற்றத்துக்குப் புது விதிகள் வந்தன. எல்லாம் வர வேண்டியவைதான். ஆனால் தீயை அணைக்கப் போய்ச் செத்தவர்கள்? 2017 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஒரு வனக்காவலர். 2020 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டம் தேசமங்கலம் பக்கம் 3 காவலர்கள். 2024 ஜூனில் உத்தராகண்டில் பின்சர் காட்டில் ஒரே நாளில் 4 பேர். எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். அரை ஏக்கரில் அணைக்கப்பட்ட தீக்குச் செலவு உண்டு: கூலி, சாப்பாடு, ஜீப் டீசல். பற்றுப் பக்கம் நிறைந்துவிடும். வரவுப் பக்கத்தில் என்ன எழுதுவது? எரியாமல் தப்பிய 500 ஏக்கரை எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுத மாட்டார். ஆகவே செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் கை வைக்கத் தோதான இடம் இதுதான். கோடைக்கு மட்டும் தினக்கூலிக்கு ஆள், மழை விழுந்ததும் கணக்கு முடிப்பு. அடுத்த மாசியில் அதே ஆள் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் தடம் தெரியாத புது ஆள்.

"எரிஞ்ச மலை அடுத்த மழையில பச்சையாயிருதே?" என்று ஒரு கேள்வி வரும். ஆகிறது, உண்மைதான். வருவது புல். பெரிய மரம் கருகிய பட்டையோடு நின்றுகொள்ளும், அதன் காலடியில் முளைத்த கன்றுகள் போய்விடும். வருஷாவருஷம் இப்படியே போனால் நிற்கிற மரத்துக்கு வாரிசு இல்லை. சருகில்லாத சாம்பல் தரையில் ஐப்பசி மழை விழுந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, மண்ணை அள்ளிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடும். அந்த மண் வந்து படிகிற இடம் கீழே இருக்கும் கண்மாய்கள். பிறகு அதைத் தூர்வார ஒரு ஒதுக்கீடு, அதற்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு ஃப்ளெக்ஸ்!

ஆடு மாடு மேய்க்கிறவர்கள்தான் தீ வைக்கிறார்கள் என்று பழியைப் போட்டு ஒதுங்கிக்கொள்வதும் சுலபம். சிலர் புதுப்புல்லுக்காக வைப்பதுண்டு. சதுரகிரிக்குப் போகிற வழியில் பீடியை அணைக்காமல் வீசுகிறவரும் உண்டு, அவர் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போனவராகவும் இருக்கலாம். 2023 ஜூலையில் ஆடி அமாவாசைச் சமயம் சதுரகிரி மலையில் தீப்பிடித்தபோது பக்தர்களைக் கீழே இறங்க விடாமல் மலையிலேயே நிறுத்தி வைத்தார்கள். அவர்களுக்கு வழி திறந்துவிடத் தீயோடு ராத்திரியெல்லாம் நின்றவர்களின் பெயரை அன்னதானப் பந்தலில்கூட யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

குண்டாறு இணைப்பு பற்றிய அடுத்த கூட்டம் திருச்சுழியிலோ காரியாபட்டியிலோ நடக்காமல் போகாது. மைக் கிடைக்கிற யாராவது கேட்கட்டும்: சாப்டூர் மலையில் இந்தக் கோடைக்கு எத்தனை பேர்? அவர்களுக்கு நல்ல பூட்ஸ் உண்டா? காப்பீடு உண்டா? மழை வந்த பிறகும் அவர்களுக்கு வேலை உண்டா?