மனச்சிதைவு என்னும் சொல்

ஸ்கிசோஃப்ரீனியாவைத் தமிழில் மனச்சிதைவு என்று எழுதிப் பழகிவிட்டோம். சிதைந்தது கூடாது என்னும் தீர்ப்பு அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மூளைப்பட ஆய்வுகள் அத்தீர்ப்பை உறுதிசெய்கின்றனவா என்பதே நம் கேள்வி.

அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஜூடித் ரேப்பபோர்ட், லாஸ் ஏஞ்சலிஸின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் தாம்ப்சன் முதலானோர் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மிக இளவயதில் நோய் தொடங்கிய 12 பேரையும் நோயற்ற 12 பேரையும் ஐந்தாண்டுகள் எம்.ஆர்.ஐ. கருவியில் திரும்பத் திரும்பப் படமெடுத்தனர். நலமாக வளரும் பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தில் மூளையின் சாம்பல்நிறப் பொருள் சற்றுக் குறைவதுண்டு. நோயுற்றோரிடமோ அக்குறைவு பக்கமடலில் தொடங்கிப் பொட்டுமடலுக்கும் நெற்றிமடலுக்கும் விரைந்து பரவியது.

இத்தகைய ஆய்வுகள் செய்த நன்மை பெரிது. நோயை உண்டாக்குபவள் தாயே என்று பொருள்படும் தொடரொன்றை ஃப்ரீடா ஃபிரோம்-ரைக்மன் 1948இல் எழுதினார். அதன்பின் நெடுங்காலம் தாய்மார் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். மரபணு ஆய்வுகளோடு சேர்ந்து, மூளைப்படங்களும் அவர்களை அதிலிருந்து இறக்கிவிட்டன.

ஆனால் அப்படம் ஒரு குழுவின் சராசரி. தனியொரு பிள்ளையின் சாதகமன்று. அத்துணை இளவயதில் தொடங்கும் நோய் அரிது, கடுமையானதும்கூட. இன்றும் ஸ்கேனைப் பார்த்து மட்டும் எவருக்கும் இந்நோயை உறுதிசெய்ய இயலாது. மருத்துவர் பேசியும் கேட்டும் கவனித்துமே முடிவுக்கு வருகிறார். படமெடுப்பது பெரும்பாலும் கட்டி போன்ற வேறு காரணங்களை விலக்குவதற்கே.

குறைவதைச் சிதைவு எனலாமா என்பதும் ஐயத்திற்குரியது. வளரும் மூளை, வேண்டாத நரம்பிணைப்புகளைத் தோட்டக்காரர் கவாத்து செய்வதுபோல் நீக்குகிறது. அக்கவாத்து மிகையாவதே நோய்க்குக் காரணமாகலாம் என 1982இல் இர்வின் ஃபைன்பெர்க் கருதினார். 2016இல் சி4 என்னும் மரபணுவைப் பற்றி வந்த ஆய்வு அக்கருத்துக்கு வலுச்சேர்த்தது.

ஜப்பானிய மருத்துவர்கள் 2002இல், மனம் பிளவுண்ட நோய் என்னும் பழைய பெயரைக் கைவிட்டு, ஒருங்கிணைவுக் குறைபாடு என்று பொருள்படும் பெயரை ஏற்றனர். நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்வதற்கே அவர்கள் தயங்கவேண்டியிருந்ததுதான் காரணம்.

இந்நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும். அதாவது நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் வயதில். பெயருக்கு அஞ்சி ஒரு குடும்பம் மருத்துவரிடம் செல்லத் தாமதித்தால், இழப்பு அம்மாணவருக்கே. கலைச்சொல் ஆக்கத்தைப் பெருமையாகப் பேசும் நாம், மருத்துவர்களோடும் இந்நோயை அறிந்து வாழ்வோரோடும் அமர்ந்து, தீர்ப்புச் சொல்லாத ஒரு சொல்லை ஆக்கித் தரவேண்டும்.