முற்றத்தையும் கணக்கில் சேருங்கள்

தோட்டத்து லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குக் குடிபோகும் குடும்பம் முதலில் கைவைப்பது வாசலில், அதாவது முற்றத்தில்தான். பல குடும்பங்களுக்கும் பொதுவான ஒடுங்கிய லயத்து வாசலில் வளர்ந்தவர்களுக்குப் பிள்ளை ஓடி விளையாட, துணி காயப்போட, நல்லது கெட்டதுக்குப் பந்தல் போட ஒரு துண்டுச் சமதரை வேண்டும். இதைவிட நியாயமான ஆசை இருக்க முடியாது. ஆனால் நுவரெலியாவில் சமதரை கிடைப்பதில்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

மலையகத் தனிவீட்டுத் திட்டங்களில் பரவலாக வழங்கப்பட்டது 7 பேர்ச் காணி, ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய உதவித் திட்டத்தில் வீடு 550 சதுர அடி. வீட்டின் அத்திவாரத்துக்கு வரைபடமும் மேற்பார்வையும் உண்டு. மிச்சமிருக்கும் சரிவை வெட்டிச் சீராக்குவது பெரும்பாலும் குடும்பத்தின் மண்வெட்டிக்கே விடப்படுகிறது.

அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. மேற்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப்பக்கம் தள்ளி மிதித்துவிட்டு, மேலே சீமெந்து போட்டால் வாசல் அழகாகத்தான் தெரியும். மேலே செங்குத்தாக நிற்கும் வெட்டுச் சுவருக்குத் தாங்கல் இல்லை. கீழே கொட்டிய மண்ணோ இறுகாதது. இனி தண்ணீரைக் கணக்குப் பார்க்கலாம். 100 மில்லிமீற்றர் மழையில் 550 சதுர அடிக் கூரையும் 300 சதுர அடி வாசலும் சேர்ந்து சுமார் 8,000 லீற்றர் தண்ணீரை இறக்கும். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் என்பது, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு இரண்டாம் கட்ட எச்சரிக்கை விடுக்கும் அளவு. அவ்வளவும் அந்த இறுகாத மண்ணுக்குள் போனால், அந்த மண் கீழ்வீட்டுக் கூரையில் போய் நிற்கும்.

2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தவிலும், 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும் மலை இறங்கியது. மீரியபெத்தையில் லயங்களே புதைந்தன. அவற்றுக்கு வீட்டு வாசலைக் காரணம் சொல்வது அநியாயம். ஆனால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் சரிவில் ஒவ்வொரு புதிய வெட்டும் கூடுதல் சுமைதான்.

சரியாகச் செய்வதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. முதலில் தண்ணீர் போகும் வழியான கான், பிறகுதான் வெட்டு. சீமெந்து வாசல் வீட்டைவிட்டு விலகி, பத்தடிக்கு இரண்டரை அங்குலமாவது தாழ வேண்டும். மண் தரை என்றால் ஆறு அங்குலம். ஒரே உயரச் சுவருக்குப் பதில் இரண்டு மூன்று படித்தட்டுகள் நல்லது. கொட்டும் மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு இடித்து இறுக்க வேண்டும். தாங்கு சுவருக்குப் பின்னால் சல்லியும், சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேறத் துளைகளும் இல்லாவிட்டால், சுவர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் தேங்கும் தண்ணீர் அதைத் தள்ளிவிடும். வெட்டு விளிம்பில் வெட்டிவேர் நடலாம். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே ஆழத்துக்கு இறங்கி மண்ணைப் பிடிக்கும்.

இதெல்லாம் தோட்டத்து மக்களுக்குப் புதிய பாடமல்ல. தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டியும் கல்லடுக்கிக் கட்டியும் மண்ணைக் காத்தவர்கள் இவர்களின் பாட்டன், பூட்டன்கள். கம்பனியின் தேயிலைக்குக் கான் வெட்டக் கூலி கொடுக்கப்பட்ட நாட்டில், அந்தக் கான் வெட்டியவரின் பேரப்பிள்ளை விளையாடும் வாசலுக்கு ஒரு கான் வெட்டப் பணம் ஒதுக்கத் தயங்குவது எந்த நியாயம்?

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைக் குலைத்த பிறகு, பாதுகாப்பான இடத்தில் வீடு கேட்கும் குடும்பங்கள் இன்னும் கூடியிருக்கின்றன. இனி கட்டும் ஒவ்வொரு வீட்டின் மதிப்பீட்டிலும் வாசல், தாங்கு சுவர், கான் மூன்றும் சேர வேண்டும். கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி, வீடு நிற்கும் இடத்தோடு நின்றுவிடாமல் காணி முழுவதற்குமான வெட்டுத் திட்டமாக இருக்க வேண்டும். சாவியைக் கையில் கொடுக்கும் முன்பே கான் வெட்டி முடிந்திருக்க வேண்டும். ஹட்டன் பக்கத்தில் மே மாதமே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது.